லூப் விசிறிகளை யார் ஓட்டுவது: மதர்போர்டா, தனிக் கன்ட்ரோலரா?

கணினியைத் தண்ணீரால் குளிர்விக்கும் கஸ்டம் லூப் கட்டியாச்சு, கசிவும் இல்லை. தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரின் விசிறிகளை மதர்போர்டே பார்த்துக்கொள்ளட்டுமா, அக்வாகம்ப்யூட்டர் நிறுவனத்தின் குவாட்ரோ மாதிரி தனிக் கன்ட்ரோலர் பெட்டி வாங்கலாமா?

எதை எடுத்தாலும் சரி, சிபியு சூட்டை வைத்து விசிறியை ஓட்டாதீர்கள். பிரவுசர் திறந்தாலே சிபியு 45 டிகிரியிலிருந்து 70-க்குத் தாவும். விசிறியும் கூடவே அலறி அடங்கும். தண்ணீர் இப்படி ஆடாது. லூப்பில் ஒரு லிட்டர் இருந்தால், 400 வாட் வெப்பம் முழுக்க அதிலேயே தங்கினாலும் ஒரு டிகிரி ஏறப் பத்து வினாடி ஆகும். அதனால் தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று கட்டாயம்: லூப் பாகங்களின் வழக்கமான ஜி1/4 மரையில் திருகும் 10கே தெர்மிஸ்டர்.

அதைச் செருக இரண்டு ஊசி உள்ள டெம்பரேச்சர் ஹெடர் (சென்சார் இணைப்பு) போர்டில் இருக்க வேண்டும். மலிவான போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால், விண்டோஸில் இலவச 'ஃபேன் கன்ட்ரோல்' மென்பொருளே போதும். அதில் எனக்குப் பிடித்தது, ஒரு சென்சாரின் அளவிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் வசதி. சென்னையில் மே மாதம் அறையே 34 டிகிரி. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. 36-இல் வேகமெடுக்கச் சொன்னால் நாள் முழுக்க இரைச்சல்தான். காற்றுக்கும் ஒரு சென்சார் வைத்து, தண்ணீருக்கும் அறைக்குமான வித்தியாசம் 5-க்குள் என்றால் மெதுவாக, 12-ஐத் தாண்டினால் முழு வேகம் என்று வைத்தால் ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே கணக்கு. ஆனால் இதற்கு இரண்டு ஹெடர் வேண்டும், பல போர்டுகளில் ஒன்றுதான்.

குவாட்ரோவில் நான்கு விசிறிச் சேனல், நான்கு சென்சார் இணைப்பு. எந்தத் தண்ணீர்ச் சூட்டுக்கு எந்த விசிறி வேகம் என்ற கர்வ் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும். விண்டோஸ் தொங்கினாலும் விசிறி ஓடும். அதன் அக்வாசூட் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் என்பது குறை. லினக்ஸ்காரர்களுக்குக் கெர்னலிலேயே டிரைவர் உண்டு.

குவாட்ரோ பக்கம் என்னைச் சாய்ப்பது, நீரோட்டத்தை அளக்கும் ஃப்ளோ சென்சாருக்கான இணைப்பு. போர்டு காட்டும் பம்ப் ஆர்பிஎம்மை (சுழல் வேகத்தை) முழுசாக நம்ப முடியாது. மென் குழாயை நெகிழ்வாக்கும் பிளாஸ்டிசைசர் கரைந்து வந்து, சிப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக்கின் நுண்துடுப்புகளில் வெள்ளைப் பசையாகப் படியும்; நீரோட்டம் குறையும், ஆர்பிஎம் எப்போதும்போலவே காட்டும். ஃப்ளோ எண் மாதத்துக்கு மாதம் இறங்குவது தெரிந்தால், பிளாக்கைக் கழற்றிக் கழுவ நேரமிருக்கும்.

ஒரு ரேடியேட்டர், சிபியு பிளாக் மட்டும் என்றால் போர்டே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். கிராபிக்ஸ் கார்டும் லூப்பில் இருந்தால் குவாட்ரோ. அதே நிறுவனத்தின் எட்டுச் சேனல் ஆக்டோ பெரும்பாலானவர்களுக்கு ஆடம்பரம். ஒரே ரேடியேட்டரின் விசிறிகளை ஸ்பிளிட்டர் கேபிளில் ஒரே சேனலுக்குச் சேர்த்துவிடலாம்.

அப்புறம், எதுவானாலும் தண்ணீர் 50-ஐத் தொட்டால் அலாரம் அடிக்க வையுங்கள். லூப்களில் பரவலாக வரும் டி5 பம்பின் வரம்பே 60 டிகிரிதான்.