நாகை கடுவையாற்றுக் கரை இன்ஜின் பட்டறை: ஒரு வருஷ அனுபவம்

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டாவது தடவை கடலுக்குப் போனபோது படகு நடுங்க ஆரம்பித்தது. கீழே கருகிய நாற்றம். பலகையைத் தூக்கிப் பார்த்தால், விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகிற இடத்தில், கடல் தண்ணீர் உள்ளே வராமல் பிடிக்கிற கிளாண்டு கை வைக்க முடியாத சூடு. பக்கத்துப் படகுக்காரர் கயிறு போட்டு அக்கரைப்பேட்டை வரை இழுத்து வந்தார். டீசல், ஐஸ், ஆள் கூலி எல்லாம் நட்டம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளில்தான் நாங்கள் எல்லோரும் படகைக் கரையேற்றி வேலை பார்ப்போம். அந்த அவசரத்தில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். பெயர் வேண்டாம். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராதுண்ணே" என்று கிளாண்டை இறுக்கிக் கொடுத்தான் ஒரு பையன். எனக்கும் அப்போது சந்தோஷம்தான்.

அப்புறம்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது, பாய் பட்டறை என்று கேட்டால் காட்டுவார்கள். பாய் நாகூர்க்காரர், சரக்குக் கப்பலில் 22 வருஷம் ஃபிட்டர். நடுக்கடலில் சாமான் உடைந்தால் கடைக்கு ஓட முடியாது, இன்ஜின் ரூமில் இருக்கிற லேத்தில் தானே கடைந்து போட வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ, எடுத்ததும் 'புதுசு வாங்கு' என்று சொல்வதில்லை. ஷாஃப்டையே மாற்றச் சொல்லி இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். இவர் கீறலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, லேத்தில் ஏற்றிப் பாலிஷ் போட்டே சரி செய்தார்.

"கிளாண்டுல தண்ணிதான் தம்பி எண்ணெய். அடைச்சா எரியத்தான் செய்யும்" என்றார். கிளாண்டுக்குள் ஷாஃப்டைச் சுற்றிப் புது பேக்கிங் கயிறு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டு எண்ணினார். நிமிஷத்துக்கு மூன்று நான்கு. நட்டைக் கால் சுற்றுத் திருகுவார், உட்கார்ந்து எண்ணுவார், மறுபடி திருகுவார். அரை மணி நேரம் இதே வேலை. நான் டீ குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. கியர் பாக்ஸையும் ஷாஃப்டையும் போல்ட் போட்டுச் சேர்க்கிற வட்டத் தட்டுகள், அதாவது கியர் பாக்ஸ் ஃபிளாஞ்சும் ஷாஃப்ட் ஃபிளாஞ்சும், நேராக உட்காரவில்லை. முன்பு பார்த்தவர்கள் படகு கரையில் கட்டை மேல் நிற்கும்போதே அளந்து முடித்துவிட்டார்கள். மரப்படகு தண்ணீரில் இறங்கினால் உடம்பு கொஞ்சம் மாறும். பாய் படகை இறக்கி ஒரு நாள் மிதக்கவிட்டு, அதற்கப்புறம்தான் போல்ட்டைக் கழற்றினார். மேல், கீழ், இடம், வலம் என்று நாலு பக்கமும், இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். 6 அங்குல ஃபிளாஞ்சு, 0.15 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாதாம். இன்ஜின் காலுக்கு அடியில் தகடு வைத்து, எடுத்து, வைத்து, சாயங்காலம் ஆகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. மற்ற இடத்தைவிடக் கூலி ஒன்றரை மடங்கு. ரசீது கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார். போன் எடுக்க மாட்டார். இரண்டு நாள் என்று சொன்னால் நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் சாவியைக் கையில் கொடுத்து "எடுத்துட்டுப் போ" என்பார். அதில் எனக்கு ஒரு முறை கோபமே வந்தது.

ஆனால் அதன்பின் ஒரு வருஷம், கிளாண்டு சூடாகவில்லை, யாரும் கயிறு கட்டி இழுக்கவில்லை. இந்தத் தடைக்காலத்திலும் அவரிடமே விட்டேன். பட்டறையில் இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் படகில் குந்தி உட்கார்ந்து சத்தமாகச் சொட்டு எண்ணுகிறான், பாய் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்கிறார்.

போக நினைப்பவர்கள் மாசியிலேயே சொல்லி வையுங்கள், சித்திரையில் இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மதியம் பூட்டியிருக்கும்.