கடலைத் தோல் பிரிக்கெட் என்று சொல்லி விற்கப்படும் ஊர்க்குப்பை: அரிசி ஆலைக்காரர்கள் கவனத்திற்கு

டெல்டா மாவட்டங்களில் புழுங்கலரிசி ஆலை நடத்துவோர், பாய்லருக்கு வெளியிலிருந்து பிரிக்கெட் (கழிவை அழுத்திச் செய்த எரிபொருள் கட்டி) வாங்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஆலைக்கு, நிலக்கடலைத் தோலையும் மரத்தூளையும் அழுத்திச் செய்தது என்ற உறுதியின் பேரில் விற்கப்பட்ட சரக்கில், நகரக் குப்பையிலிருந்து பிரித்த பிளாஸ்டிக், துணிக் கழிவு, செருப்புக்கு வெட்டியது போக மிஞ்சிய ஃபோம் எல்லாம் கலந்திருந்தன. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை.

சாதாரண நாட்களில் எங்கள் பாய்லருக்கு எங்கள் உமியே போதும். ஐப்பசி அடைமழையில் உமி ஈரமேறி எரியாமல் புகைந்த சமயத்தில், சவுக்கு மிலாரும் வந்து சேராததால், தரகர் ஒருவர் மாதிரிக் கட்டிகளோடும் ஆய்வக அறிக்கையோடும் வந்தார். மாதிரி உண்மையிலேயே நல்ல சரக்கு. லாரியில் வந்ததும் மேல் அடுக்கு வரை அதே சரக்குதான். அதற்குக் கீழே இருந்தவை கறுத்து, பளபளப்பாக, உடைத்தால் நார் நாராகப் பிரிந்தன.

எரித்தபோது முதலில் தெரிந்தது நாற்றம். அடுத்து, அடுப்பின் கம்பிகள் மேல் சாம்பல் உருகிப் பாறையாக ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைத்தது. உமிச் சாம்பல் பெரும்பாலும் எளிதில் உருகாத சிலிக்கா என்பதால், உமியின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை அது மிஞ்சினாலும், எங்கள் அடுப்புச் சூட்டில் பொலபொலவென்றுதான் விழும். கண்ணாடித் தூளும் உப்புகளும் கலந்த குப்பையின் சாம்பலோ இளகிப் பற்றிக்கொள்ளும். பெயர்த்தெடுத்த கட்டிகளுக்குள் அலுமினியம் உருகி உறைந்த மணிகளைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லின் மேல் கரித்துகள் படிந்ததையும், தெருக்காரர்கள் வந்து சத்தம் போட்டதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

விற்றவரிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. “இது மாற்று எரிபொருள், இதைப் பயன்படுத்தச் சொல்லி அரசாங்கமே விதி போட்டிருக்கிறது” என்று எங்களுக்கே பாடம் நடத்தினார். அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும், எரிபொருள் பயன்படுத்தும் ஆலைகள் தங்கள் தேவையில் 5 விழுக்காட்டையாவது அதைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்றன. ஆனால் அதே விதிகள் அந்த எரிபொருளுக்குத் தந்த வரையறையிலேயே குளோரின் கலந்த பொருள்கள் விலக்கப்பட்டிருந்ததை அவர் சொல்லவில்லை. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிப் பாய்லர் குழாய்களை அரிக்கும். அரைகுறையாக எரிந்த புகை ஆறும்போது டயாக்ஸின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும்.

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளின் சூளையில் பொருள் 1,450 டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. அங்குள்ள சுண்ணாம்பு அமிலப் புகையைப் பிடித்துக்கொள்கிறது, சாம்பலும் கிளிங்கரோடு (சிமெண்டாக அரைக்கப்படும் கட்டி) கலந்துவிடுகிறது. அத்தகைய சூளைகளே குளோரினுக்கு வரம்பு வைத்துத்தான் குப்பை எரிபொருளை ஏற்கின்றன. அதுவும் துண்டுதுண்டாக நறுக்கிய உதிரியாகவே அவற்றுக்குப் போதும். மின்சாரம் செலவழித்துக் கட்டியாக அழுத்தித் தரவேண்டியதில்லை. எனவே குப்பையைக் கடலைத் தோல் கட்டியின் வடிவத்தில் யாராவது கொண்டுவந்தால், வாங்குபவர் கண்ணை ஏமாற்றத்தான் அந்த வடிவம் என்றே நான் கருதுகிறேன்.

ஆய்வக அறிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் அச்சிட்டிருந்த வெப்ப மதிப்பு (ஒரு கிலோவை எரித்தால் கிடைக்கும் வெப்பம்), ஈரத்தை முழுவதும் நீக்கிய உலர் நிலைக்கு உரியது. நாம் பணம் கொடுப்பதோ எடை மேடையில் ஏறும் ஈரச் சரக்குக்கு. உலர் நிலையில் கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி உள்ள சரக்கில் 25 விழுக்காடு நீர் இருந்தால் மிஞ்சுவது 3,000 தான். அந்த நீரை ஆவியாக்கும் செலவும் அதிலிருந்தே போகும். ஆகவே வந்து இறங்கிய நிலையிலேயே மதிப்பு, ஈரம், சாம்பல், குளோரின் நான்கையும் கேளுங்கள். மாதிரியை லாரியின் அடியிலிருந்து நீங்களே எடுங்கள்.

ஆலையிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. பசை சேர்க்காமல் அழுத்திய வேளாண் கழிவுக் கட்டி, வாளித் தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் ஊதி உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் உருகிப் பிணைத்த கட்டி அப்படியே கிடக்கும், அல்லது உடையும்போது பாலித்தீன் கிழிசல்கள் மிதக்கும். சந்தேகமான துணுக்கை, நிறமின்றி எரியும்வரை சுட்டெடுத்த செப்புக் கம்பியால் தொட்டு, கம்பியை மீண்டும் கேஸ் சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும்பட்சத்தில் சுடர் பச்சையாகும். வேறு சில பொருள்களுக்கும் பச்சை தெரியலாம் என்பதால், ஆய்வகத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். திறந்த வெளியில், மிகச் சிறிய துணுக்கைக் கொண்டு செய்யுங்கள்.

மீதிச் சரக்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதற்கு, லாரி வாடகையை நாங்களே கொடுக்க வேண்டும் என்கிறார் விற்றவர். நாங்கள் பாக்கித் தொகையை நிறுத்திவைத்திருக்கிறோம். உமிச் சாம்பல் என்று நினைத்து வயலுக்குக் கேட்டு வந்தவர்களுக்கு இந்தச் சாம்பலைக் கொடுக்காமல் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். இதே போன்ற சரக்கு வந்து இறங்கியிருப்பவர்கள் எடைச் சீட்டையும், லாரி எண்ணையும், எரிக்காத கட்டிகள் ஒரு மூட்டையையும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு புகார் கொடுக்கலாம்.