டீசல் பிக்கப் பார்க்கப் போகிறீர்களா? இன்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள்

பழைய டீசல் பிக்கப் ஒன்றை நம்பி வாங்கி ஏமாந்துவிட்டேன். வாங்கி ஐந்து வாரம்கூட முழுதாக ஓட்டவில்லை. டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப், அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றி, டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டியதாயிற்று. வண்டிக்குக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விட்டது. விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். எந்த நிறுவனத்தின் வண்டி என்பதையும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் தப்பு வண்டியைத் தயாரித்தவர்களிடம் இல்லை.

எனக்கு வண்டி எதற்கு என்றால், சின்ன பொக்லைன் ஒன்றை டிரெய்லரில் ஏற்றி வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக. மெஷின், அதன் பக்கெட்டுகள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 2,700 கிலோ வரும். அடுத்த வருடம் கொஞ்சம் பெரிய மெஷினுக்கு மாறும் எண்ணமும் இருந்தது, அதோடு சேர்த்துப் பார்த்தால் 3,500 கிலோ.

வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒப்பிட்டேன். டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்ஜின் 500 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுற்றும் முறுக்கு விசை), இசுஸு டி-மேக்ஸின் 3.0 லிட்டர் 450, ஃபோர்டு ரேஞ்சரின் 3.0 லிட்டர் வி6 600. மூன்றுமே பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று போட்டிருக்கும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வெறும் 750 கிலோதான். இன்னும் பெரிய ரகத்தில் ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் ஆறு சிலிண்டர், ஃபோர்டின் 6.7 லிட்டர் வி8, ஜெனரல் மோட்டார்ஸின் டூராமேக்ஸ் 6.6 லிட்டர் வி8 என்று அவற்றையும் பார்த்தேன். ஒரு நோட்டு நிறைய எண்கள். ஆனால் கடைசியில் கையில் வந்த அந்த ஒரு வண்டி அதுவரை எப்படி ஓடியது, யார் எதை ஊற்றி ஓட்டினார்கள் என்று நான் ஒரு மணி நேரம்கூடச் செலவழித்துப் பார்க்கவில்லை. நான் விட்ட கோட்டை அதுதான்.

பார்க்கப் போனது ஒரு மாலை. நான் போய்ச் சேரும்போதே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "ஏசி போட்டு வச்சிருக்கேன் சார், உள்ளே உட்காருங்க" என்றார் விற்றவர். அக்கறையாகத்தான் தோன்றியது. பத்து நிமிடம் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். புகை இல்லை, தட்டல் சத்தம் இல்லை, டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆயில் புதிதாக மாற்றியிருப்பதாகச் சொல்லி டிப்ஸ்டிக்கை எடுத்தும் காட்டினார். தேன் நிறத்தில் இருந்தது. ஓடோமீட்டர் 1,18,420 கிலோமீட்டர். அந்த எண்ணை விற்பனை ரசீதில் எழுதச் சொன்னேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

டீசல் இன்ஜினின் நோய் தெரிவது முழுக்க ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான். இன்ஜெக்டர் கசிந்தாலோ, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) குறைந்திருந்தாலோ, ஆறிய இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக் போயிருந்தாலோ முதல் அரை நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நீளமாகச் சுற்றிய பிறகு பிடிக்கும், உதறும், வெள்ளைப் புகை விடும். சூடான இன்ஜினில் இதில் பாதி மறைந்துவிடும். வண்டியைப் பார்க்கப் போனதும் முதல் காரியமாகப் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார்.

அடுத்து எடைக் கணக்கு. பெரிய மெஷின் வாங்கும் எண்ணத்தைச் சொன்னபோது, "மூன்றரை டன் இழுக்கும் சார், பின்னால ஒரு டன் ஏத்திக்கலாம்" என்று ஒரே மூச்சில் சொன்னார். தனித்தனியாக இரண்டும் ஏறக்குறைய உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது, அதை அவர் சொல்லவில்லை. என் வண்டியின் வெற்று எடை 2,100 கிலோ. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு, ஜி.சி.எம். என்பார்கள். என் வண்டிக்கு அது 5,950 கிலோ. 3,500 கிலோ டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிவிட்டால் மிச்சம் 350 கிலோ. அதற்குள்தான் நானும் உதவியாளரும், மேற்கூடாரம், டூல் பெட்டி, மெஷினுக்கான டீசல் எல்லாம். ஆட்கள் 150, கூடாரமும் பெட்டியும் 130, இருநூறு லிட்டர் டீசல் டேங்கோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 200 என்றால் ஏற்கனவே 480 ஆகிவிட்டது. பின்னால் ஒரு டன் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். அப்படியென்றால் மூன்றரை டன்னுக்கு 350 கிலோ பின் ஆக்ஸில் பக்கம் உட்காருகிறது, அதுவும் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விடுங்கள். கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டையும், உரிமையாளர் கையேட்டையும் பாருங்கள். லோடு ஏற்றிய வண்டியை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்த்தால் இன்னும் நல்லது.

சரி, எடையில் நான் அப்போதைக்குத் தப்பித்தேன், ஏனென்றால் சின்ன மெஷின்தான் கையில் இருந்தது. மாட்டிக்கொண்டது எரிபொருளில்.

என் ஓட்டம் பெரும்பாலும் சின்னச் சின்ன ஓட்டம். ஐந்து கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர், நிறுத்து, மறுபடி எடு. வாங்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லி, "டீசல் சரிப்படுமா, பெட்ரோல் பிக்கப் பார்க்கவா?" என்று கேட்டேன். "டீசல்னா எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்றார். ஆகாது. இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது 600 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் பதினைந்து இருபது நிமிடமாவது ஓட வேண்டும். நடுவில் இன்ஜினை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். அந்த வெப்பத்துக்காகப் பல வண்டிகளில் கூடுதல் டீசலை சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகப் பீய்ச்சுவார்கள். அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலக்கும். அடிக்கடி பாதியில் நின்றால் ஆயிலின் அளவு குறையாது, ஏறும்.

டீசலுக்கு உள்ள பெருமையை நான் மறுக்கவில்லை. ஒரு லிட்டரில் பெட்ரோலைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதல் சக்தி இருக்கிறது, குறைந்த சுற்றிலேயே டார்க் கிடைக்கிறது, லோடோடு மேடு ஏறும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். தினமும் தூரம் போய், கனத்தை இழுப்பவருக்கு டீசல்தான். வாரத்தில் ஆறு நாள் ஊருக்குள்ளேயே சுற்றி, என்றைக்கோ ஒருநாள் இழுப்பவருக்குப் பெட்ரோல் பிக்கப் தலைவலி குறைவு. எரிபொருள் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் இவ்வளவு மருந்து கேட்காது. கேட்டவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியது விற்றவரின் கடமை.

பன்னிரண்டாம் நாள் டி.பி.எஃப். விளக்கு எரிந்தது. போன் செய்தேன். "ஹைவேல ஒரு ரவுண்டு போங்க சார், அணைஞ்சிடும்." போனேன், அணைந்தது. நான்கு நாளில் மறுபடி வந்தது. ஐந்தாவது வாரம், லோடோடு ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகரவில்லை. இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிட்டது. பின்னால் 2,700 கிலோ, முன்னால் இன்னும் பாதி மேடு. ஹஸார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டும்வரை உடம்பு நடுங்கியது.

விற்றவரிடம் கொண்டுபோகாமல் வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் போனது என் நல்ல நேரம். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்தார். ஆயில் மேல் கோட்டுக்கு இரண்டு விரல் உயரே நின்றது. விரலில் தொட்டு மூக்குப் பக்கம் நீட்டினார். டீசல் வாடை. அப்புறம் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வெயிலில் காட்டினார். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். அதன் மேல் வெள்ளிப்பொடி தூவியது போல் மினுமினுப்பு. "தம்பி, இது பம்ப் தேய்ஞ்ச இரும்பு" என்றார்.

ஹை பிரஷர் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு வழவழப்பு. தண்ணீர் கலந்தாலோ, தெரியாமல் பெட்ரோல் ஊற்றினாலோ அந்த வழவழப்பு போய் இரும்போடு இரும்பு உரசும். உரசிய தூள் இன்ஜெக்டருக்கும் போகும், ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கும் திரும்பி வரும். அதனால்தான் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரிலும் தூள் கிடந்தது. டயரில் நாம் அடிப்பது இரண்டரை பார் அழுத்தம். இங்கே 2,000 பார். ஏறக்குறைய முடி அளவே மெல்லிய துளைகள் வழியாக அந்த அழுத்தத்தில் தூள் போனால் என்ன மிஞ்சும்? இவ்வளவு தூள் ஐந்து வாரத்தில் சேராது, முன்பே ஆரம்பித்தது என்பது அண்ணனின் கணிப்பு.

கணிப்பை வைத்து யாரிடமும் வாதாட முடியாதே என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஒரு வரியைக் காட்டினார். அந்தக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்: 1,263 கிலோமீட்டர். அன்றைக்கு ஓடோமீட்டர் 1,19,637. ரசீதில் இருந்தது 1,18,420. நான் ஓட்டியது 1,217. அதாவது, என் கைக்கு வருவதற்கு வெறும் 46 கிலோமீட்டர் முன்னால் யாரோ எல்லாக் குறியீடுகளையும் அழித்திருக்கிறார்கள். விளக்கு எரியாத டாஷ்போர்டு, சூடான இன்ஜின், புது ஆயில் எல்லாவற்றுக்கும் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அந்த டப்பாவைப் பார்த்தபோதுகூட வராத கோபம் அந்த 46-ஐப் பார்த்தபோது வந்தது.

விற்றவர் சொன்ன பதில், "நீங்க போட்ட டீசல் சரியில்லை." ஐந்து வாரமும் ஒரே பெட்ரோல் பங்க்கில்தான் நிரப்பினேன், ஒவ்வொரு ரசீதும் இருக்கிறது. அவர் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த வாரன்டி தாளை எடுத்துப் பார்த்தால், கலப்படமான எரிபொருளால் வரும் சேதமும் டி.பி.எஃப்.பும் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் படிக்கவில்லை. டீசல் வண்டியில் பெரும் செலவு வருவதே அந்த இரண்டில்தான், அதை நீக்கிவிட்டால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

நீங்கள் போகும்போது அண்ணன் மாட்டியது போன்ற சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், போனோடு இணைகிற எளிய ஒன்றே போதும். குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம் சில பத்துக் கிலோமீட்டர்தான் என்றால் ஏன் என்று கேளுங்கள். வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியவில்லை என்று காட்டினாலும் அதே சந்தேகம்தான். இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு கிடைத்தால் ஓடோமீட்டரை அதால் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் ரொம்பக் குறைவாக வந்தால், நின்ற இடத்திலேயே நிறைய நேரம் ஓடிய வண்டி. டீசல் ஃபில்டரைக் கண்ணெதிரே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், இதற்குத் தயங்கினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டி.பி.எஃப்.பை உள்ளே குடைந்து காலியாக்கி விற்பவர்களும் உண்டு. புகைக்குழாயின் உள்பக்கம் விரலை விட்டால் கருப்பாகக் கரி ஒட்டக் கூடாது.

புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் ஊற்றும் வண்டி என்றால் அதன் மூடி நீலமாக இருக்கும், டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே பல வண்டிகளில் வைத்திருப்பார்கள். அவசரத்தில் மாற்றி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். திருப்பியதும் தாழ்வழுத்த பம்ப் அதை உள்ளே இழுத்துவிடும். பெட்ரோலை ஊற்றிவிட்டாலும் இதேதான். வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் டேங்கை வடிப்பது எவ்வளவோ மலிவு.

ஏற்கனவே என்னைப் போல் மாட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், எந்த ஒர்க்‌ஷாப்பிலும் குறியீடுகளை அழிக்க விடுவதற்கு முன் அந்தத் தூரம் காட்டும் திரையையும் ஓடோமீட்டரையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வையுங்கள். அழித்தால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும், மறுபடி கிடைக்காது. ஃபில்டரில் இருந்ததைக் கொட்டாமல் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் தேதி எழுதி வையுங்கள். என் பாட்டில் புகார் மனுவோடு போயிருக்கிறது, விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.