முழு மயக்கமா, முதுகு ஊசியா? மலையில் எது நல்லது

சிசேரியனோ கால் எலும்பு முறிவோ, ஊட்டியிலும் குன்னூரிலும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் வீட்டில் எழும் பேச்சு இதுதான்: "முதுகுல ஊசி வேண்டாம் டாக்டர், முழு மயக்கமே கொடுத்துடுங்க. முதுகுல குத்தினா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்." இடுப்புக்குக் கீழே நடக்கும் ஆபரேஷன் என்றால் நான் முதுகு ஊசியின் பக்கம்; நினைவு போகாமல், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசி அது. மலைவாசிகளுக்கு அதில் கூடுதலாக ஒரு நியாயமும் இருக்கிறது.

முழு மயக்கம் வயதில் மூத்தது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் என்ற மயக்க மருந்தை முகரவைக்க, கழுத்துக் கட்டி ஒன்றை அறுத்து எடுத்தார்கள். இன்று நரம்பில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். கூடவே மூச்சும் அடங்கும், பிறகு குழாய் வைத்து மருத்துவர்தான் மூச்சு கொடுக்க வேண்டும். உயரம் குறுக்கே வருவது இங்கேதான். சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மூச்சு நின்று குழாய் உள்ளே போவதற்குள் உடம்பின் ஆக்சிஜன் இருப்பு சீக்கிரம் கரையும். முன்கூட்டியே முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுப்பது அதற்காகத்தான். மயக்கத்துக்குத் துணையாகக் கொடுக்கும் சிரிப்பு வாயுவும் இந்த உயரத்தில் வலுக் குறைந்தே வேலை செய்யும். தேர்ந்த மயக்கவியல் மருத்துவர் இதையெல்லாம் சமாளித்துவிடுவார். ஆனால் தேவையே இல்லாதபோது அந்த ஆபத்தை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

முதுகு ஊசியை 1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் தொடங்கினார். தன் மேலேயே சோதித்துப் பார்த்து, பல நாள் தலைவலியோடு படுத்தும் கிடந்தார். ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதுதான் காரணம். இப்போது வரும் மெல்லிய ஊசிகளில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகு நீடிக்கும் இடுப்பு வலி, முழு மயக்கத்தில் பெற்றவர்களுக்கும் ஊசியே போடாமல் பெற்றவர்களுக்கும் வருகிறது. பழி மட்டும் ஊசிக்கு!

குறை இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். கால் பக்க ரத்தக் குழாய்கள் விரிந்து உடம்புச் சூடு இறங்குவதால், குளிர்காலத்தில் நடுக்கம் நன்றாகவே தெரியும், கம்பளி கேட்டு வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பல நேரம் இது ஒத்துவராது. நெஞ்சு, தலை ஆபரேஷனுக்கு முழு மயக்கம்தான், அதில் தயக்கமே வேண்டாம்.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் மருத்துவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளிடம் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தக் குறைபாடு இருப்பது 1952லேயே பதிவானது. ஆக்சிஜன் குறைவு, குளிர், நீர் வற்றுதல் மூன்றுமே அந்த ரத்த அணுக்களை வளைத்துவிடும். எந்த மயக்கமானாலும் ஏற்பாடே வேறு மாதிரி இருக்கும். வீட்டில் யாருக்காவது இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே ரத்தம் சோதித்துவிடுங்கள்.

அப்புறம், டீ. ஆபரேஷன் அன்று காலையில் "ஒரு வாய் டீதானே" என்று குடிக்கிறவர்கள் இங்கே ஏராளம். பால் டீக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், வெறும் தண்ணீருக்கு இரண்டு. முதுகு ஊசிதானே என்று இதில் சலுகை கிடையாது. ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் அதே மேஜையில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும். அப்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.