புதுச்சேரியில் வாங்கிய கோகோபீட் கட்டி: உருளை விதைக்கிழங்குக்குத் தேறுமா?

போன கார்த்திகையில் புதுச்சேரியில் ஒரு மாடித்தோட்டக் கடையில் 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி இரண்டும் பத்துப் பைகளும் வாங்கிக் கடலூருக்குக் கொண்டு வந்தேன். இந்த ஊரில் உருளைக்கிழங்கா என்று சிரிக்காதவர் இல்லை. சமைக்க இல்லைங்க, விதைக்குத்தான். ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கினால்தான் கிழங்கு பிடிக்கும், நமக்கு அது கிடைப்பதே மார்கழி, தையில் கொஞ்ச நாள்.

கடையில் விதைக்கிழங்கும் இருந்தது. ஊட்டிக் கிழங்கு என்று பெருமையாகக் காட்டினார். வேரைத் தாக்கும் நூற்புழு பரவும் என்பதால் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டு போகவே தடை இருக்கிறது, அதை எனக்கே விற்கப் பார்க்கிறார்! வேண்டாம் என்றேன். ஜலந்தரில் வேலை செய்யும் மச்சான் கொண்டு வந்த 20 குட்டிக் கிழங்குகளை, பைக்கு இரண்டாக, ஐந்து பைகளில் மண்ணும் தொழு உரமும் போட்டு, ஐந்தில் வெறும் கோகோபீட் போட்டு நட்டேன்.

கட்டியை ஊற வைத்து அப்படியே நிரப்பலாம் என்று உறையில் அச்சடித்திருக்கிறது. நம்பாதீர்கள். பத்து நாளில் இலை நுனி எல்லாம் கருகியது, கோகோபீட்டில் இருந்த உப்புதான் காரணம். நல்ல தண்ணீரை மூன்று தடவை ஊற்றி வடித்த பிறகுதான் செடி தெளிந்தது. கோகோபீட்டில் சத்து என்று பெரிதாக எதுவும் இல்லை, வாராவாரம் கரையும் உரம் கொடுத்தே ஆக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மண் பையில் ஒரு செடி பச்சையாகவே வாடித் தொங்கியது. தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் வைத்தால் பால் போல வெள்ளை நூல் இறங்கியது, பாக்டீரியா வாடல். தப்பு என்னுடையதுதான், அது பழைய கத்தரித் தொட்டி மண்.

தை கடைசியில் கிழங்குகளைத் தோண்டி எண்ணினேன். மண்ணில் மிஞ்சிய நான்கு பைகளில் 31, அவற்றில் சில கைப்பிடி அளவுக்குப் பெரியவை. கோகோபீட்டில் 58, பெரும்பாலும் எலுமிச்சை அளவு, கழுவி வைத்தது போல சுத்தம். விதைக்கு எடையை விட எண்ணிக்கைதான் கணக்கு.

அப்புறம் வலை. பச்சை நிழல் வலையே போதும் என்றார் கடைக்காரர். அசுவினிப் பூச்சி அதில் நடந்தே உள்ளே போகும், வைரஸைக் கொண்டு வருவதே அதுதான். நான் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலையை வேறு இடத்தில் வாங்கினேன்.

கட்டிக்கு 5க்கு 4, கடைக்காரர் சொல்லும் யோசனைக்கு 1. அடுத்த கார்த்திகை வரை கிழங்கு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் இருக்கும், வீட்டில் அதற்குத்தான் இப்போது சண்டை.