கழுத்து வலியோடு நெல்லையில் 24 நாட்கள்

ஜூலையில் டொரான்டோவிலிருந்து நெல்லைக்கு வந்து சேர்ந்தபோது என் வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. மே மாதம் வீடு மாறியபோது பெட்டிகளைத் தூக்கினேன். மறுநாள் தொடங்கிய வலி அது. கழுத்தில் கிளம்பித் தோள்பட்டை வழியாகக் கைக்குள் சுரீரென்று ஓடும். டொரான்டோவில் குடும்ப மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் பதிந்துவைத்தார். அக்டோபரில்தான் தேதி கிடைத்தது. ஊருக்குத்தான் போகிறோமே, அங்கேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இதே எண்ணத்தோடு வருகிறவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்கேனுக்குக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. வந்த இரண்டாம் நாள் காலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சீட்டு வாங்கினேன், அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். கட்டணம் 6,500 ரூபாய். எனக்கு முன்னால் இருந்த பெண்மணி தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கினார். ஸ்கேன் மையத்து ஊழியப் பெண் இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றை எடுத்து, "இதைக் கட்டிக்கொண்டு கழற்றுங்கள் அம்மா" என்றார். அந்தப் பெண்மணியின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இந்தப் பரிவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள் நடந்தது வேறு. கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்துவதாக அறிக்கை சொன்னது. அந்த மருத்துவமனையில் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கழுத்தையோ கையையோ தொடவில்லை. "இந்த வாரமே ஆபரேஷன் செய்துவிடலாம், நீங்கள் திரும்பிப் போவதற்குள் தையல் பிரித்துவிடலாம்" என்றார். செலவுக் கணக்கு எழுதிய தாள் அடுத்த ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்தது. அம்மா வீடு வரும் வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தார். எனக்கு இப்போதும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. விடுமுறை முடியப்போகிறது என்பது கத்தி வைக்க ஒரு காரணமா?

அத்தான்தான் பாளையங்கோட்டையில் வயதான நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. முதலில் என்னைச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி மாட்டச் சொன்னார். ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியை ஒட்ட ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். சிறு சுத்தியலால் முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டுக்கு மேலும் தட்டினார். பிறகு தலையை வலப்பக்கம் சாய்த்து மெல்ல அழுத்தினார். பெருவிரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. "ஆறாவது நரம்பு. படம் பார்க்காமலே சொல்லலாம்" என்றார். நடை தடுமாறினாலோ, பொத்தான் போட விரல்கள் திணறினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, கை பலமிழந்துகொண்டே வந்தாலோ அவசரம். எனக்கு அவை எதுவும் இல்லை. இப்படிப் பிதுங்கிய ஜவ்வால் வரும் கைவலி பெரும்பாலானவர்களுக்கு அறுவை இல்லாமலேயே சில வாரங்களில், சில மாதங்களில் தணியும் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கழுத்துப் பட்டையை நாள் முழுவதும் மாட்டினால் தசை பலம் குன்றிவிடும் என்று அதையும் கழற்றச் சொன்னார்.

மீதி நாட்களில் 12 முறை பிசியோதெரபி, முறைக்கு 350 ரூபாய். அந்தச் சிறு மையத்தை நடத்தும் பெண் முதல் நாள் முழுவதும் நான் உட்காரும் விதத்தைத்தான் பார்த்தார். சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, மோவாயைக் கீழே குனியாமல் நேராகப் பின்னால் இழுக்கச் சொன்னார். "அண்ணா, இரட்டைத் தாடை விழ வேண்டும், அப்போதுதான் சரி" என்றார். ஐந்து எண்ணி விட வேண்டும், பத்து முறை. பார்க்க ஒன்றுமே இல்லாத பயிற்சி. நான்காம் நாள் கையிலிருந்த வலி தோள்பட்டைக்கு ஏறியபோது நான் பயந்தேன், அவர் மகிழ்ந்தார். கைநுனியை விட்டு வலி கழுத்தை நோக்கித் திரும்புவது நல்ல அறிகுறியாம். தலையணைக்குப் பதில் கழுத்தடியில் சுருட்டி வைக்க அம்மாவின் பழைய டர்க்கி டவலே போதும் என்றார்.

ஊரில் அன்புக்குக் குறைவில்லை. அதை மறுப்பதுதான் கடினம். சலூனில் முடி வெட்டியதும் தலையைத் திருப்பிச் சொடக்கு எடுக்கக் கை வைத்தார்கள், பிடித்துத் தடுத்துவிட்டேன். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அப்படி வெட்டித் திருப்பும்போது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. மாமா வர்ம வைத்தியத்துக்கு அழைத்தார். இரண்டு சிகிச்சையைக் கலக்க வேண்டாம் என்று போகவில்லை. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. ஐந்தருவி வரை போய், பிள்ளைகள் தண்ணீரில் நிற்பதைக் கரையில் இருந்து பார்த்தேன். கழுத்தில் அந்த வேகத்தில் தண்ணீர் விழக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. சிறு வயது முதல் ஒரு சீசன்கூட அருவிக்கடியில் நிற்காமல் திரும்பியதில்லை, மனம் கனத்துவிட்டது.

வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பிசியோதெரபியை இறங்கிய வாரமே தொடங்குங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஸ்கேன் படத்தோடு குறுந்தகடும் கேட்டு வாங்குங்கள். பயிற்சிகளைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்காட்டி விரலில் உணர்வு முழுவதும் வந்துவிட்டது. பெருவிரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மதமதப்பு இருக்கிறது. டொரான்டோ திரும்பியதும் இங்குள்ள மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டினேன். அக்டோபர் ஸ்கேனை ரத்து செய்து, அந்த இடத்தை வரிசையில் அடுத்து இருப்பவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டோம். டவல் என்னோடு வந்துவிட்டது.