சீழே இல்லாத கட்டிக்குச் சீழ் மருந்து

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கம் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

எட்டு வயது மகளுக்கு இடது மூக்கில் அடிக்கடி ரத்தம். விரலை விட்டிருப்பாள் என்று அதட்டினேன், பாவம். பள்ளியின் வெள்ளைச் சட்டை வாரத்தில் மூன்று நாள் கறையோடு திரும்பியது. விளக்கடித்துப் பார்த்தால் மூக்கின் நடுச்சுவரில் மாதுளை முத்துப் போல் ஒன்று.

போன இடம் ஒரு தனியார் கிளினிக். "பையோஜெனிக் கிரானுலோமா, சீழ்க்கட்டி" என்றார் மருத்துவர். மூன்று சுற்று ஆன்டிபயாடிக் கொடுத்தும் கட்டி அசையவில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். அடுத்து லேசர் பேக்கேஜ், 1,800 ரிங்கிட். ஐந்து நிமிடத்தில் சுட்டு முடித்தார்கள். எடுத்த சதை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் எரிந்துவிட்டதம்மா" என்றார் தாதி. ரசீதில் 'சிகிச்சை' என்று ஒரே சொல்.

ஆறாம் வாரம் அதே இடத்தில் அதே சிவப்பு. "இது திரும்ப வரும் வகைதான்" என்று இரண்டாம் பேக்கேஜை நீட்டினார்கள். முதல் முறை காசு வாங்கும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ரிங்கிட் கட்டி அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனோம். நெடுநாள் காத்திருந்தோம், அதை மறைக்கவில்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் சிரித்தார்: பெயரே தப்பாம். அதில் சீழும் இல்லை, கிரானுலோமா எனும் அழற்சி முடிச்சும் இல்லை. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொத்தாகப் பெருகும், புற்றில்லாத வளர்ச்சி. ஈறு, உதடு, நாக்கிலும் வரும். ஆன்டிபயாடிக்குக்கு அதில் வேலையே இல்லை. அடியோடு எடுக்காவிட்டால் மறுபடி முளைக்கும். மயக்கம் கொடுத்து வேரோடு எடுத்து, அடியைச் சுட்டு, சதையை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார்கள். புற்றில்லை என்ற முடிவுத்தாள் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

அவர் சொன்ன இன்னொன்று: பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பும் ரத்தமும் தொடர்ந்தால், மூக்கின் பின்புறம் வளரும் ஆஞ்சியோஃபைப்ரோமா எனும் ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டியாக இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் கிளினிக்கில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்க விட்டால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு.

என்ன செய்தார்கள் என்று பிரித்து எழுதிய ரசீதை அந்த கிளினிக்கிடம் கேட்டு மூன்று வாரமாகிறது. மருத்துவர் விடுப்பில் இருக்கிறாராம். நேற்று அவருடைய கார் வாசலில்தான் நின்றது.